பிரம்பும் சட்டாம்பிள்ளையும்: வகுப்பறை ஒழுங்கின் பழைய கதை

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், கல்யாண வீட்டில், கடைத்தெருவில், எங்கு போனாலும் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிற எங்களுக்குக் கிடைக்கிற புத்திமதி ஒன்றுதான். "அந்தக் காலத்துல பிரம்பு இருந்திச்சு, புள்ளைகள் ஒழுங்கா இருந்திச்சுகள். இப்ப பிரம்பப் பறிச்சிட்டாங்க, புள்ளைகள் தலைக்கு மேல ஏறிட்டுதுகள்." இன்னும் சில வாப்பாமார் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, பிள்ளையின் முன்னாலேயே சொல்வார்கள்: "சேர், கண்ண மட்டும் உட்டுட்டு தோல உரிங்க. நாங்க ஒண்ணும் கேக்கமாட்டம்."

எங்கள் மேல் உள்ள நம்பிக்கையில் சொல்கிறார்கள், அதில் எங்களுக்கு மனத்தாங்கல் கிடையாது. ஆனால் "அந்தக் காலத்தில் இப்படி இருந்தது" என்பது வரலாற்றைப் பற்றிய பேச்சு. வரலாறு என்றால் தேடிப் பார்க்க வேண்டும். ஆசிரியர் கலாசாலையில் கல்வி வரலாறு படித்த காலத்தில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பெயர்கள் சிலவற்றை, முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட சின்னப் பிள்ளைகளுடன் ஒரே அறையில் நின்ற பிறகு மறுபடி எடுத்து வாசித்தோம். அப்போதுதான் அது எங்கள் கதை என்று விளங்கியது.

கதை மணலில் தொடங்குகிறது. 1623ஆம் ஆண்டு பியத்ரோ டெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி தென்னிந்தியாவில், இன்றைய கர்நாடகத்தின் இக்கேரி என்ற ஊரில் தங்கியிருந்தார். ஒரு கோயில் முன்மண்டபத்தில் சில சிறுவர்கள் நிலத்தில் மெல்லிய மணலைப் பரப்பி, விரலால் எழுதி எழுதி, ராகமாகச் சொல்லிக் கணக்குப் படிப்பதைக் கண்டார். பக்கத்தில் வாத்தியார் யாரும் இல்லை. பிழை விட்டால் யார் திருத்துவார்கள் என்று கேட்டார். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் தடுமாறாது, தடுமாறுகிறவனுக்கு மற்றவர்கள் சொல்லிக் கொடுப்போம் என்று பிள்ளைகள் விளக்கினார்கள். அவர் வியந்துபோய் அதை எழுதி வைத்தார்.

இதற்கு ஏறத்தாழ 170 வருடங்களுக்குப் பிறகு அதே மணலை இன்னொரு ஐரோப்பியர் பார்த்தார். அன்ட்ரூ பெல், ஸ்கொட்லாந்துக்காரர், கிறிஸ்தவப் பாதிரியார். 1787இல் இந்தியாவுக்கு வந்து, 1789 முதல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் அநாதை விடுதிக்குப் பொறுப்பாக இருந்தார். பெரும்பாலும் ஐரோப்பிய இராணுவச் சிப்பாய்களுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் அங்கே படித்தார்கள். பெல்லுக்கு அங்கே இருந்த தலையிடி எங்களுக்கும் நன்றாகத் தெரிந்த தலையிடிதான். பிள்ளைகள் அடங்கவில்லை, உதவி ஆசிரியர்களுக்கு மனம் இல்லை, மாதக்கணக்காகியும் எழுத்துகள் ஏறவில்லை. ஒரு நாள் காலையில் குதிரையில் போகும்போது திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றில் சின்னப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டார். "மலபார் பள்ளிக்கூடம்" என்று அவர் அதைக் குறிப்பிடுகிறார். தமிழர்களை வெள்ளைக்காரர் அன்று மலபார் என்றுதான் அழைத்தார்கள், எங்கள் நாட்டுப் பழைய அரசாங்கப் பத்திரங்களிலும் அந்தச் சொல்தான் வரும்.

திரும்பி வந்து, நாமும் இப்படி மணலில் எழுதப் பழக்குவோம் என்றார். உதவி ஆசிரியர்கள் அது சரிவராது என்று கைவிரித்தார்கள். பெல் விடவில்லை. ஏற்கெனவே எழுத்துத் தெரிந்த ஜோன் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிப்பாய் மகனைக் கூப்பிட்டு, கீழ் வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்றதை அந்த எட்டு வயதுப் பிள்ளை செய்து காட்டியது. பிறகு விடுதி முழுவதையும் அப்படியே மாற்றினார். கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் பின்தங்கிய பிள்ளை. ஒவ்வொரு வகுப்புக்கும் பிள்ளைகளிலிருந்தே ஓர் ஆசிரியர். பிள்ளைகள் செய்கிற குற்றங்களுக்கு ஒரு கறுப்புப் புத்தகம் வைத்து, வாரம் ஒரு முறை பிள்ளைகளையே நடுவர்களாக இருத்தி விசாரித்தார். அடிக்க வேண்டிய தேவை அரிதாகிவிட்டது என்று எழுதினார். 1797இல் இலண்டனில் அவர் அச்சிட்ட சிறு நூல் வழியாக இது "மதராஸ் முறை" என்ற பெயரில் உலகம் சுற்றியது.

பெல் கண்ட மணலைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எங்களுக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பிள்ளைக்குப் பொறுப்புக் கொடுத்ததுதான். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அதற்கென்று ஒரு பதவியே இருந்தது, சட்டாம்பிள்ளை. வாத்தியாருக்கு அடுத்த நிலையில் இருந்து, சின்னவர்களுக்கு எழுத்துக் காட்டி, பாடம் கேட்கிற மூத்த மாணவன். யாழ்ப்பாணத்தில் சட்டம்பியார் என்றால் ஆசிரியரையே குறிக்கும். அந்த ஒரு சொல்லே ஆசிரியருக்கும் மூத்த மாணவனுக்கும் இடையில் இருந்த தூரம் எவ்வளவு குறைவு என்று காட்டுகிறது.

எங்கள் ஊர்களில் ஓதப்பள்ளியும் இப்படித்தான் நடந்தது. ஒரு லெவ்வை, சின்னதும் பெரியதுமாக ஒரு திண்ணை நிறையப் பிள்ளைகள். அலிஃப் பே ஓதுகிற பிள்ளையும் இருக்கும், யாசீன் ஓதுகிற பிள்ளையும் இருக்கும். லெவ்வை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பாடம் கொடுக்கும்போது மற்றவர்கள் என்ன செய்தார்கள்? மூத்த பிள்ளையிடம் பாடம் ஒப்புவித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் இருந்தது, பயங்கரச் சத்தம். ஆனால் அது ஓதுகிற சத்தம்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. பழையதெல்லாம் பொன் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. 1822இல் சென்னை ஆளுநர் தோமஸ் மன்ரோ தன் மாகாணத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றி அறிக்கை கேட்டார். பல்லாரிக் கலெக்டர் கம்பெல் 1823இல் அனுப்பிய பதில் மிகவும் விவரமானது. மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் முறையை அவர் வாயாரப் புகழ்கிறார். இங்கிலாந்து இதைப் பின்பற்றியது சரிதான் என்கிறார். அதே அறிக்கையில் தண்டனைகளும் வருகின்றன. காலையில் முதலில் வருகிற பிள்ளைக்குக் கையில் சரஸ்வதியின் பெயர். இரண்டாவது பிள்ளைக்கு ஒரு சுழி. மூன்றாவதுக்கு மெல்லிய ஓர் அடி, நாலாவதுக்கு இரண்டு, இப்படியே கூடிக்கொண்டு போகும். படிக்காத பிள்ளைக்குப் பிரம்படி. இரண்டு கையையும் கட்டிக் கூரையில் தொங்க விடுவதும் உண்டு, எழுந்து எழுந்து முழங்காலிட வைப்பதும் உண்டு. தொங்க விடுவதற்குத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் கோதண்டம் என்று பெயர். ஆக அதே திண்ணையில் பிள்ளை பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த பழக்கமும் இருந்தது, கோதண்டமும் இருந்தது. "அந்தக் காலம்" என்று நாம் சொல்லும்போது இந்த இரண்டில் எதை நினைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

இங்கிலாந்துக்குப் போன பிறகு இந்த முறைக்கு என்ன நடந்தது என்பது எங்களுக்கு இன்னும் முக்கியம். பெல்லோடு கூடவே பேசப்படுகிற மற்றப் பெயர் ஜோசப் லங்காஸ்டர். இலண்டனின் சவுத்வார்க் பகுதியில் 1798இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தவர். ஒரே ஓர் ஆசிரியர், மொனிட்டர்கள், பெரிய மண்டபம் ஒன்று இருந்தால் ஆயிரம் பிள்ளைகளைக்கூடப் படிப்பிக்கலாம் என்பது அவருடைய வாதம். அவர் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர், பிரம்படி கூடாது என்ற கொள்கை உடையவர். கேட்க நன்றாக இருக்கிறதா? பிரம்பை வைத்துவிட்டு அவர் எதை எடுத்தார் என்று பாருங்கள்.

பேசிய பிள்ளையின் கழுத்தில் நாலு முதல் ஆறு இறாத்தல் வரை பாரமுள்ள மரக்கட்டை. அசைந்தால் பாரம் இழுக்கும். சொல் கேட்காத பிள்ளையின் காலில் மரவிலங்கு. இன்னும் அடங்காவிட்டால் கூடையில் அல்லது சாக்கில் இருத்தி, எல்லோரும் பார்க்கக் கூரையில் தொங்க விடுவது. கூண்டுக்கிளி என்று மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். செய்த குற்றத்தை எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு வகுப்பைச் சுற்றி நடக்க வைப்பதும் இருந்தது. நல்ல பிள்ளைகளுக்குச் சீட்டு, பதக்கம், பந்து, பட்டம். இன்று நாம் கொப்பியில் ஒட்டுகிற நட்சத்திரத்துக்கு அந்தச் சீட்டும் ஒரு மூதாதை. அவருடைய சிந்தனையில் நல்லதும் நிறைய இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் உடம்பில் கை வைக்காமல் மானத்தில் கை வைத்தார். பிற்காலத்தில் பையன்களை அவரே அடித்தார் என்ற குற்றச்சாட்டும் எழுந்து, அவருடைய ஆதரவாளர்கள் அவரைக் கைவிட்டார்கள். அமெரிக்காவுக்குப் போய், 1838இல் நியூயோர்க்கில் குதிரைவண்டி விபத்தில் காலமானார்.

இங்கே நிற்க வேண்டும். சட்டாம்பிள்ளை இலண்டனுக்குப் போய் மொனிட்டர் ஆனபோது வேலை மாறிவிட்டது. ஆயிரம் பேரை அடக்க வேண்டும் என்றால் சொல்லிக் கொடுப்பதைவிடக் கண்காணிப்பதுதான் பெரிய வேலையாகிவிடும். வருகிறவனை எண்ண ஒரு மொனிட்டர், சிலேட்டுக்கு ஒரு மொனிட்டர், வரிசைக்கு ஒரு மொனிட்டர். இந்த உருவில்தான் அது கப்பலேறி எங்கள் பக்கம் திரும்பி வந்தது. 1814இல் வெஸ்லியன் மிஷனரிகள் காலியில் இறங்கினார்கள், 1816இல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது, 1818இல் சேர்ச் மிஷன். மொனிட்டர் வைத்துப் பாடசாலை நடத்துவதுதான் அந்தத் தலைமுறைக்குத் தெரிந்த மலிவான முறை. முஸ்லிம்கள் மிஷன் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பத் தயங்கி நின்ற காலம் அது. சித்திலெப்பை போன்றவர்கள் பாடுபட்டு 1884இல் கொழும்பில் அல் மத்ரஸதுல் கைரிய்யா தொடங்கி, 1892இல் மருதானையில் பிறகு ஸாஹிராவாக வளர்ந்த பாடசாலை எழும் வரை நாம் பெரும்பாலும் ஓதப்பள்ளித் திண்ணையிலேயே இருந்தோம். அங்கிருந்து எழும்பி வாங்கில் உட்கார்ந்தபோது மணி, வரிசை, தரப்பிரிவு, மொனிட்டர் எல்லாம் சேர்ந்தே வந்தன.

இன்று எங்கள் வகுப்புகளில் மொனிட்டர் என்ன செய்கிறார்? டீச்சர் அலுவலகத்துக்குப் போனால் கரும்பலகையில் "சத்தம் போடுவோர்" என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுகிறார். நண்பனின் பெயரை எழுதமாட்டார், கோபக்காரனின் பெயரை இரண்டு முறை எழுதுவார். எட்டு வயதில் ஒரு பிள்ளைக்கு நாம் கொடுக்கிற முதல் அதிகாரம் இதுதான்.

பிரம்பின் கதைக்கு வருவோம். 1869இல் இலங்கையில் பொதுப்போதனைத் திணைக்களம் உருவானது. அதையடுத்து, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்குப் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்துப் பணம் கொடுக்கும் முறை இங்கிலாந்தைப் பார்த்து இங்கும் வந்தது. பரிசோதகர் வருவார், பிள்ளைகளைக் கேட்பார், சித்தியடைந்த தலைகளை எண்ணிக் காசு. ஒரு பிள்ளை வாசிக்கத் தடுமாறினால் பாடசாலைக்கு நட்டம் என்ற நிலையில் ஆசிரியரின் கை எங்கே போகும் என்று நாம் ஊகிக்கலாம். தரம் 5 புலமைப்பரிசில் நெருங்கும் மாதங்களில் ரியூஷன் வகுப்புகளில் நடப்பதைப் பார்க்கிறவர்களுக்கு அந்த ஊகம் கஷ்டமாக இருக்காது.

ஆசிரியர் அடிக்கலாம் என்ற உரிமையைச் சட்ட வாசகத்தில் தெளிவாக நிறுத்திய வழக்கு 1860இல் இங்கிலாந்தில் நடந்தது. ஈஸ்ட்போன் என்ற ஊரில் ஹொப்லி என்ற ஆசிரியரிடம் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தங்கிப் படித்தான். கணக்கு ஏறவில்லை. பிடிவாதம் பிடிக்கிறான், கடுமையாக அடித்துத் திருத்தட்டுமா என்று ஆசிரியர் தகப்பனுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். தகப்பன் சம்மதித்தார். ஏப்ரல் மாதத்தில் ஓரிரவு தடியாலும் கயிற்றாலும் நெடுநேரம் அடித்தார். பையன் இறந்துபோனான். உடலைப் பரிசோதித்தபோது அவனுடைய மூளையில் நீர் கோத்திருந்தது தெரிந்தது. பிடிவாதம் என்று ஆசிரியர் நினைத்தது நோய். ஹொப்லிக்கு நாலு வருடச் சிறை. ஆனால் அந்த வழக்கில் பிரதம நீதியரசர் கொக்பேர்ன் சொன்ன விதி நிலைத்துவிட்டது. பெற்றோரும், பெற்றோரின் அதிகாரத்தைப் பெற்ற ஆசிரியரும் திருத்தும் நோக்கத்தில் மிதமாகவும் நியாயமாகவும் அடிக்கலாம் என்பது அதன் சாரம். எங்கள் நாட்டில் 1939ஆம் ஆண்டுச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கியபோதும், பெற்றோரும் ஆசிரியரும் தண்டிக்கும் உரிமையை இது பாதிக்காது என்று ஒரு வரி சேர்த்தது. அதே ஆங்கிலச் சிந்தனையின் நிழல்.

"கண்ண மட்டும் உட்டுட்டு" என்று சொல்கிற வாப்பாமாருக்கு நாங்கள் இந்தக் கதையைத்தான் சொல்வோம். அந்தத் தகப்பனும் மகனின் நன்மைக்காகத்தான் சம்மதித்தார். இங்கிலாந்தின் அரச பாடசாலைகளில் பிரம்பு சட்டப்படி நின்றது 1987இல். அவர்களிடமிருந்து வந்த சட்ட வாசகத்தை அவர்களே கைவிட்ட பிறகும் நாம் அதை எங்கள் பரம்பரைச் சொத்து என்று கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிறோம்.

சரி, எங்கள் பரம்பரையில் என்ன இருக்கிறது? மார்க்கமே அடிக்கச் சொல்லியிருக்கிறது என்று சிலர் முடித்துவிடுவார்கள். கல்வி வரலாற்று மாணவர்களாக இரண்டு நூல்களை மட்டும் நினைவூட்டுகிறோம். ஒன்று, ஒன்பதாம் நூற்றாண்டில் இன்றைய தூனிஸியாவின் கைரவான் நகரில் இப்னு ஸஹ்னூன் எழுதிய ஆதாபுல் முஅல்லிமீன். ஆசிரியர்களுக்கென்றே எழுதப்பட்டு நம் கைக்கு வந்த மிகப் பழைய முஸ்லிம் நூல்களில் ஒன்று. அது அடியை முற்றாகத் தடுக்கவில்லை, உண்மை. ஆனால் மூன்றுக்கு மேல் கூடாது, தலையிலும் முகத்திலும் கூடாது, ஆசிரியர் தன் கோபத்தைத் தீர்க்க அடிக்கக் கூடாது என்று வேலி போடுகிறது. எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறோர் இடம். பிள்ளைகளில் ஒருவனிடம் மற்றப் பிள்ளைகளை அடிக்கும் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது என்கிறார். அரீஃப், அதாவது மூத்த மாணவப் பொறுப்பாளர் வைப்பதென்றால் குர்ஆனை ஓதி முடித்த பிள்ளையாக இருக்க வேண்டும், ஆசிரியருக்கு உதவுவது அந்தப் பிள்ளைக்கே நன்மை என்கிறார். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லி எழுதுவதும் நல்லது, ஆசிரியர் அதைச் சரிபார்க்க வேண்டும் என்கிறார். ஆயிரத்து நூறு வருடங்களுக்கு மேலாகிறது. சொல்லிக் கொடுக்கிற மொனிட்டரையும் அடக்குகிற மொனிட்டரையும் அவர் அன்றே பிரித்து வைத்துவிட்டார். லங்காஸ்டருக்கு இது விளங்கவில்லை.

மற்றது இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமா. மாணவர்களிடம் கடுமை காட்டுவதன் தீங்கு பற்றி அதில் தனியாகவே ஓர் அத்தியாயம் உண்டு. அடக்குமுறையில் வளர்கிற பிள்ளை உற்சாகம் இழந்து சோம்பலாகும், அடிக்குப் பயந்து பொய் சொல்லப் பழகும், வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக நடக்கப் பழகும், கடைசியில் அதுவே குணமாகிவிடும் என்பது அவருடைய கருத்து. வீட்டுவேலை செய்யாமல் வந்து "கொப்பிய தங்கச்சி கிழிச்சிட்டா டீச்சர்" என்று கண்ணைப் பார்க்காமல் சொல்கிற பிள்ளையைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

எங்கள் நாட்டின் அண்மைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1991இல் இலங்கை சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றது. 2005/17ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்தது. 12/2016ஆம் இலக்கச் சுற்றறிக்கை ஒழுக்கம் பற்றி இன்னும் விரிவாகப் பேசியது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், ஆசிரியரின் அறையால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில், அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. அந்த உறுப்புரை சித்திரவதைக்கும் இழிவான நடத்துகைக்கும் எதிரானது. ஆகவே "ஒரு அடி போட்டால் என்ன" என்று கேட்பவர்கள் ஆசிரியரின் தொழிலையும் சேர்த்துப் பணயம் வைக்கிறார்கள் என்பதை அறிந்துகொண்டு கேட்கட்டும்.

ஆனால் கூட்டத்தில் பெற்றோர் சொல்வதில் ஒரு பகுதி உண்மை. வகுப்புகள் முன்னரைவிடக் குழப்பமாகத்தான் இருக்கின்றன. காரணம் பிரம்பு போனது மட்டுமா என்று கேளுங்கள். 1998இல்தான் 5 முதல் 14 வயது வரை கட்டாயம் பாடசாலையில் இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதி நடைமுறைக்கு வந்தது. 2016இல் அது 16 வயது வரை நீண்டது. அதற்கு முன்னர் ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளை, எழுத்து மாறித் தெரிகிற பிள்ளை, காது மந்தமான பிள்ளை எல்லாம் எங்கே போனார்கள்? வயலுக்குப் போனார்கள், வள்ளத்துக்குப் போனார்கள், கடையில் நின்றார்கள். எஞ்சியவர்கள் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த அமைதியைத்தான் நாம் பிரம்பின் வெற்றி என்று நினைக்கிறோம். "நாங்களும் அடி வாங்கித்தானே ஆளானோம்" என்று சொல்பவர்கள் எங்கள் கூட்டங்களுக்கு வருகிறார்கள். அடிக்குப் பயந்து நாலாம் வகுப்போடு நின்றவர்கள் வருவதில்லை, வந்தாலும் பின்னால் நின்றுவிட்டுப் போகிறார்கள். இன்று அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எங்கள் வகுப்பில் முன்வாங்கில் இருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், இருக்கத்தான் வேண்டும்.

1999இல் நாடு முழுவதும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் இந்தப் பிள்ளைகளுக்காகத்தான் வரிசை வாங்கைக் கலைத்தது. தரம் 1, 2இல் விளையாட்டு கூட, தரம் 3, 4இல் விளையாட்டும் செயற்பாடும் எழுத்து வேலையும் சமமாக, தரம் 5இல் எழுத்து வேலை கூட. பிள்ளைகள் குழுவாக வட்டமாக இருந்து ஒருவருக்கொருவர் உதவ வேண்டும். யோசித்துப் பார்த்தால் இது திண்ணைக்குத் திரும்பும் பயணம்தான். ஆனால் "வகுப்பில சத்தமா இருக்கு, டீச்சர் படிப்பிக்கிறல்ல" என்ற முறைப்பாடு வந்ததும் பல இடங்களில் மேசைகள் மீண்டும் வரிசைக்குப் போயின.

எங்கள் தரம் 3 வகுப்பில் கடந்த இரண்டு தவணைகளாக மொனிட்டர் பெயர் எழுதுவதை நிறுத்தினோம். வாரத்துக்கு ஆறு பிள்ளைகளுக்கு வேறொரு பொறுப்பு. காலையில் 7.30க்கு மணி அடித்ததும் முதல் பத்து நிமிடம் இரண்டு இரண்டு பேராக வாசிப்பு, அந்த ஆறு பேரும் சுற்றி வந்து கேட்பார்கள். யார் தடுமாறுகிறார் என்று எங்களிடம் சொல்வார்கள், யார் கதைத்தார் என்று சொல்ல வேண்டியதில்லை. வாங்கில் இரண்டு நிமிடம் இருக்காத ஒரு மகன் இருக்கிறார். அவர் தரம் 1 பிள்ளைகளுக்குப் படம் காட்டிச் சொல் வாசிக்கப் பழக்குகிறார், வாரத்தில் இரண்டு நாள், இடைவேளைக்கு முன் கால் மணி நேரம். அதற்காக முதல் நாள் வீட்டில் தானே வாசித்துப் பார்க்கிறாராம், உம்மா சொன்னார். மற்ற நேரங்களில் அவர் இன்னும் ஓடித்தான் திரிகிறார், அதையும் சொல்ல வேண்டும். பசியோடு வருகிற பிள்ளையும், இரவு பதினொரு மணி வரை ஃபோன் பார்த்துவிட்டு வருகிற பிள்ளையும் எந்த முறைக்கும் அடங்குவதில்லை. அதற்கு வீடுதான் பொறுப்பு. அதில் எங்களால் விட்டுக்கொடுக்க முடியாது.

கவலை ஒன்று இருக்கிறது. பிரம்பு போன இடத்தில் லங்காஸ்டரின் கூடை வந்து உட்காருகிறது. வகுப்புக்கு வெளியே நிறுத்துவது, "மக்கு" என்று பெயர் வைப்பது, தங்கச்சியின் வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டுவது, புள்ளிப் பட்டியலை வட்ஸ்அப் குழுவில் போட்டு எல்லாப் பெற்றோரையும் பார்க்க வைப்பது. கையில் தழும்பு இருக்காது, சுற்றறிக்கையில் மாட்டுவதும் கஷ்டம். குழுவில் அப்படி ஒரு பட்டியல் வந்தால் கைதட்டும் படம் போடுவதற்கு முன் கடைசியில் இருக்கிற பெயரையும் ஒரு முறை வாசியுங்கள். அந்தப் பிள்ளையின் உம்மாவும் அதே குழுவில் இருக்கிறார்.

இன்னொரு வேண்டுகோள். ஓதப்பள்ளியில் மூத்த பிள்ளையாக இருந்து சின்னவர்களுக்குப் பாடம் கேட்ட மூத்தம்மாமார், அப்பாமார் சிலர் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். எத்தனை வயதில் அந்தப் பொறுப்புக் கிடைத்தது, எத்தனை பிள்ளைகள், லெவ்வை எப்படிச் சரிபார்த்தார், அடம் பிடித்த பிள்ளையை என்ன செய்தார்கள் என்று கேட்டு எங்களுக்கு அனுப்புங்கள். எழுதக் கஷ்டமென்றால் அவர்களின் குரலிலேயே பதிவு செய்து அனுப்பினாலும் போதும்.